பெரிய கேமிங் போட்டிகளில் ஏன் இவ்வளவு காத்திருப்பு? எதை மாற்றினால் குறையும்?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். ஆயிரக்கணக்கில் ஆள் வந்த ஒரு ஃபைட்டிங் கேம் (இருவர் திரையில் நேருக்கு நேர் மோதும் வீடியோ கேம்) போட்டிக்கு முதல்முறையாகப் போயிருக்கிறார். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டரைக்குத்தான் முதல் ஆட்டம் கிடைத்தது. இரண்டு ஆட்டம் தோற்று வெளியே வரும்போது மாலை ஆகிவிட்டது. "இந்த டபுள் எலிமினேஷனை, அதாவது இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற முறையை, எடுத்துவிட்டு, ஒருமுறை தோற்றால் வெளியே என்று வைத்தால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடாதா? நடத்துகிறவர்கள் ஏன் அதைச் செய்வதில்லை?" என்று கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது போட்டி முறையைப் பற்றிய கேள்வி. ஆனால் அவர் மனதில் இருப்பது, கொடுத்த காசுக்கும் செலவழித்த நாளுக்கும் ஆடிய நேரம் ஏன் இவ்வளவு குறைவு, அதை மாற்ற வழி உண்டா என்பதுதான். உண்டு. ஆனால் அதற்கு முறையை மாற்ற வேண்டியதில்லை. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை காலியாகக் கிடக்கிறதே நாற்காலி, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக ஃபைட்டிங் கேம் போட்டிகளில் பூல் (வீரர்களைப் பிரித்து அமைக்கும் சிறு குழு) பார்த்துக்கொள்வது, அட்டவணை போடுவது, தலைமை நடுவராக நிற்பது என்று வேலை செய்துவருகிறேன். நான் பொறுப்பேற்று நடத்தியவை சில நூறு பேர் வந்த போட்டிகள். ஆயிரங்களைப் பற்றி நான் பேசுவது கணக்கையும், பொதுவில் தெரிந்த நடைமுறையையும் வைத்துத்தான். டோட்டா, வாலரன்ட் போல ஐந்து பேர் அணியாக ஆடும் விளையாட்டுகளின் சிக்கல்கள் வேறு வகை, அவற்றை இங்கே தொடவில்லை.

உதாரணத்துக்கு ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டியை எடுத்துக்கொள்வோம். 1996-ல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஓர் ஆர்கேடில் 40 பேரோடு 'பேட்டில் பை த பே' என்ற பெயரில் தொடங்கிய போட்டி அது. 2002-ல் ஈவோ என்று பெயர் மாறியது, 2005-ல் லாஸ் வேகஸுக்குப் போனது. 2016-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு மட்டும் 5,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு 7,000 பேரைத் தாண்டியது. 40 பேர் வந்தபோது இருந்த அடிப்படை ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது: பணம் கட்டினால் யாரும் ஆடலாம், உலக சாம்பியனும் போன மாதம் கன்ட்ரோலர் வாங்கிய பையனும் ஒரே பிராக்கெட்டில்தான் (யார் யாரோடு மோதுவது என்று காட்டும் வரைபடம்) இருப்பார்கள். இந்தத் திறந்த கதவுதான் ஈவோவின் உயிர். நெரிசலுக்குக் காரணமும் அதேதான்.

இனி கணக்கு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. டபுள் எலிமினேஷனில் ஒருவர் வெளியேற இரண்டு முறை தோற்க வேண்டும். ஒவ்வொரு செட்டிலும் ஒருவர்தான் தோற்கிறார். எனவே 7,000 பேர் என்றால் சுமார் 14,000 செட். செட் என்பது மூன்று கேமில் இரண்டு வென்றால் ஜெயம் என்ற ஆட்டம். உட்கார்ந்து, கன்ட்ரோலரைச் சொருகி, பட்டன்களைச் சரிபார்த்து, ஆடி முடித்து, எழுந்து, முடிவைச் சொல்லும்வரை ஒரு செட்டுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1,40,000 நிமிடம், அதாவது ஏறத்தாழ 2,333 மணி நேரம். நூறு ஸ்டேஷன் (கன்சோலும் திரையும் வைத்த ஆட்ட இடம்) போட்டால் ஒவ்வொன்றும் 23 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டும். பன்னிரண்டு மணி நேர நாள் இரண்டு. அதுவும் எந்த ஸ்டேஷனும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லாமல்.

இப்போது இந்தப் பத்து நிமிடத்தை எட்டாக்கிப் பாருங்கள். ஆட்டத்தைச் சுருக்க வேண்டாம், ஆள் மாறும் இடைவெளியில் இரண்டு நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடியுங்கள். 28,000 நிமிடம் குறைகிறது. நூறு ஸ்டேஷனுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் நாலரை மணி நேரத்துக்கு மேல். விதியில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், யாருடைய ஆட்டத்தையும் பறிக்காமல் கிடைக்கிற நேரம் இது. பெரிய போட்டி ஒன்றைச் சீர்செய்ய யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

சரி, ஒருமுறை தோற்றால் வெளியே என்று வைத்தால்? செட்டுகள் பாதியாகும், உண்மைதான், 6,999 செட்டில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் 3,500 பேர் ஒரே ஒரு செட் ஆடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விமான டிக்கெட், விசா, ஓட்டல் வாடகை எல்லாம் ஆறு நிமிட ஆட்டத்துக்கு. டபுள் எலிமினேஷனில் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு செட் உறுதி. ஒரு வெற்றியும் இல்லாமல் திரும்புகிறவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர். மேல்மட்டத்திலும் இது முக்கியம். 2004 ஈவோவில் ஜப்பானிய வீரர் டைகோ உமெஹாரா உயிர்க்கோடு கிட்டத்தட்ட காலியான நிலையில் அமெரிக்க வீரர் ஜஸ்டின் வோங்கின் சூப்பர் தாக்குதலை ஒவ்வோர் அடியாகத் தடுத்துத் திருப்பி அடித்த காட்சியைப் பார்க்காத ஃபைட்டிங் கேம் ரசிகர் இருக்க முடியாது. அது நடந்தது லூசர்ஸ் ஃபைனலில். ஒருமுறை தோற்றவர்கள் ஆடும் பக்கம் லூசர்ஸ், இன்னும் தோற்காதவர்கள் ஆடும் பக்கம் வின்னர்ஸ், இரண்டு பக்கத்திலும் வென்றவர்கள் கடைசியில் மோதுவது கிராண்ட் ஃபைனல். 2017 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ல் ஜப்பானின் டோகிடோ பட்டம் வென்றதும் லூசர்ஸ் வழியாக வந்து, கிராண்ட் ஃபைனலில் பங்க் என்ற அமெரிக்க வீரரை இரண்டு முறை தோற்கடித்துத்தான். ஒருமுறை சறுக்கினால் எழுந்து வரலாம் என்ற வாய்ப்பை எடுத்துவிட்டால் இவை எதுவும் இல்லை. ஆகவே கேட்டவரின் யோசனையை நான் ஏற்கவில்லை.

ஸ்விஸ் முறை வைக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சம வெற்றி பெற்றவர்கள் மோதுவது, யாரும் சீக்கிரம் வெளியேறாதது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மேஜர்களில் இருக்கிறது, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியிலும் 2023-லிருந்து வந்துவிட்டது. ஆனால் அங்கே அந்தக் கட்டத்தில் ஆடுபவை 16 அணிகள். 7,000 பேருக்கு முழுதாக ஸ்விஸ் ஆட 13 சுற்று வேண்டும், சுற்றுக்கு 3,500 செட், மொத்தம் 45,500. மூன்று மடங்குக்கும் மேல். போதாததற்கு ஒவ்வொரு சுற்றும் கடைசி செட் முடியும்வரை அடுத்த சுற்றுக்கு ஜோடி போட முடியாது. ஹாலில் மிக மெதுவாக ஆடும் இருவருக்காக மற்ற எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். திறந்த பதிவு உள்ள போட்டிக்கு இது ஒத்துவராது.

அப்படியானால் தாமதம் எங்கே உருவாகிறது? பூலில். 7,000 பேரையும் ஒரே பிராக்கெட்டாக ஓட்ட முடியாது என்பதால், உதாரணத்துக்கு 16 பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நேரமும் ஓர் இடமும் கொடுப்பார்கள். அந்தக் குழுதான் பூல். அதில் வின்னர்ஸ் பக்கம் ஒருவர், லூசர்ஸ் பக்கம் ஒருவர் என்று இருவர் அடுத்த கட்டத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டால், 29 செட் ஆட வேண்டும். பதினான்கு பேர் இரண்டு முறை தோற்க வேண்டும், தப்பிய இருவரில் ஒருவர் ஒருமுறை தோற்றிருப்பார், கூட்டினால் 29.

இந்த 29 செட்டை எத்தனை ஸ்டேஷனில் ஓட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு ஸ்டேஷன் கொடுத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். நான்கு கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். எட்டு கொடுத்தாலும் எழுபது நிமிடத்துக்குக் கீழே போகாது! காரணம் லூசர்ஸ் பக்கம். 16 பேர் பூலில் வின்னர்ஸ் பக்கம் நாலே சுற்றுதான், லூசர்ஸ் பக்கம் ஆறு சுற்று. அந்த ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். கடைசி இரண்டு சுற்றில் ஒரே ஒரு செட்தான் இருக்கும், மற்ற ஏழு ஸ்டேஷனும் சும்மா மின்னிக்கொண்டிருக்கும். எனவே ஒரு பூலுக்கு இத்தனை ஸ்டேஷன் என்று கயிறு கட்டிப் பிரிப்பதே வீண். இரண்டு பூலை அருகருகே வைத்து, ஆறு ஸ்டேஷனை இரண்டுக்கும் பொதுவாக்கி, இரண்டாவது பூலை அரை மணி நேரம் தள்ளித் தொடங்குங்கள். முதல் பூலின் வால் நீளும்போது காலியாகும் ஸ்டேஷன்களை இரண்டாவது பூல் எடுத்துக்கொள்ளும். கூடுதல் கன்சோல் ஒன்றுகூட வாங்க வேண்டாம். நான் வேலை செய்த இடங்களில் இது ஒவ்வொரு முறையும் பலன் தந்திருக்கிறது.

கேட்டவருக்கு இரண்டரை மணி நேரம் காத்திருப்பு வந்ததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேவ் (ஒரே நேரத்தில் தொடங்கும் பூல்களின் தொகுதி) என்று அட்டவணை போட்டு, பூலுக்கு இரண்டு ஸ்டேஷன் ஒதுக்கினால், காலை எட்டு மணி வேவ் பத்தரையைத் தாண்டித்தான் முடியும். பத்து மணிக்காரர்கள் பின்னால் தள்ளப்படுவார்கள், அடுத்த வேவ் இன்னும் பின்னால். நாள் போகப்போக இந்தக் கடன் ஏறிக்கொண்டே போகும், குறையாது. வேவுகளை முட்டமுட்ட அடுக்காமல், மூன்று வேவுக்கு ஒருமுறை அரை மணி நேரம் வெறுமையாக விட்டால் கடனில் ஒரு பகுதி அங்கே தீரும். அட்டவணையில் வெற்றிடம் விடுவது நிர்வாகிகளுக்கு மனசு வராத காரியம், வாடகை கொடுத்த ஹால் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த அரை மணி நேரம் இல்லாத போட்டி எதுவும் சொன்ன நேரத்துக்கு முடிந்து நான் பார்த்ததில்லை.

ஆள் மாறும் அந்த இரண்டு நிமிடத்துக்கு வருவோம். ஒரு செட் முடிந்தவுடன் பூலில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். தோற்றவர் ஒரு கணம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு இருவரும் கைகொடுத்துக்கொள்வார்கள், அந்தக் கடைசி ரவுண்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். அது இருக்க வேண்டியதுதான். அப்புறம் கேபிளைச் சுருட்டுவார்கள். பூல் கேப்டன் (அந்தப் பூலை நடத்துகிறவர்) எங்கே என்று வென்றவர் தேடுவார். கேப்டன் வேறு ஸ்டேஷனில் பஞ்சாயத்தில் இருப்பார். முடிவு பதிவாகாததால் அடுத்த ஜோடியின் பெயர் வராது. பெயர் வந்து கூப்பிட்டால் ஒருவர் காபி வாங்கப் போயிருப்பார். இந்த ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. அடுத்த ஜோடியை, முந்தைய செட்டில் முதல் கேம் முடியும்போதே கூப்பிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைக்க வேண்டும். அவர்களுடைய கன்ட்ரோலர் கையில், கேபிள் அவிழ்த்த நிலையில் இருக்க வேண்டும். முடிவை ஸ்டார்ட் ஜிஜி போன்ற செயலியில் வீரர்களே போனில் பதிய அனுமதிக்கலாம். கேப்டன் அதைச் சரிபார்த்தால் போதும்.

கம்பியில்லாக் கன்ட்ரோலர் தனித் தலைவலி. ஆடி முடித்தவர் தன் கன்ட்ரோலரைக் கன்சோலின் இணைப்பிலிருந்து நீக்காமல் எடுத்துப் போய்விடுவார். பத்து நிமிடம் கழித்து வேறு ஸ்டேஷனில் உட்கார்ந்து நடுப் பட்டனை அழுத்துவார். பழைய ஸ்டேஷனில் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கும் இருவரின் திரையில் மெனு வந்து ஆட்டம் நின்றுவிடும். ஆட்டத்தின் நடுவே நிறுத்தியவர் அந்த ரவுண்டை இழப்பார் என்பது பரவலான விதி. ஆனால் இங்கே நிறுத்தியவர் அந்த மேசையிலேயே இல்லையே! யாரைத் தண்டிப்பது? நடுவர் வந்து, இருவரும் பேசி, அந்த ரவுண்டை மீண்டும் ஆடி முடிக்கக் கால் மணி நேரம் ஓடிவிடும். ஒவ்வொரு கன்சோலின் மேலும் 'எழும்போது இணைப்பை நீக்கு' என்று பெரிய எழுத்தில் ஒட்டி, கேப்டன் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முடிவை ஏற்பது என்று வைத்துக்கொள்ளலாம். பூல்களில் கம்பி இணைப்பு கட்டாயம் என்று ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது.

மானிட்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடுகின்றன, ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி நொடி. ஒரு மானிட்டர் மற்றொன்றைவிட ஒரு ஃப்ரேம் தாமதமாகக் காட்டினாலும், வீட்டில் மாதக்கணக்கில் பழகிய காம்போ கையில் வராது. எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாடல், ஒரே அமைப்பு. அதோடு இயர்போன் சொருகும் வசதியும் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ஒலியை வைத்தே தூரத்தையும் அடியையும் உணரும் வசதி இருக்கிறது, பார்வையற்ற வீரர்கள் அதை நம்பித்தான் ஆடுகிறார்கள். ஹாலின் இரைச்சலில் ஒலி கேட்கவில்லை என்றால் அவர்களுக்கு அந்த ஸ்டேஷன் இல்லாத மாதிரிதான்.

இன்னொரு தாமதம் வீரர்களாலேயே வருவது. ஒரே வார இறுதியில் ஒருவர் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் இரண்டுக்கும் பதிவு செய்வார். இரண்டு பூலும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றில் ஆடிவிட்டு இன்னொன்றுக்கு ஓடுவார், அங்கே பதினைந்து பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். பதிவு முடிந்த அன்றே யார் யார் எந்தெந்த விளையாட்டில் இருக்கிறார்கள் என்று தரவு கையில் இருக்கிறது. அதை வைத்து மோதல் இல்லாமல் வேவ் பிரிப்பது கணினிக்குச் சின்ன வேலை. எல்லா மோதலையும் தீர்க்க முடியாது, நாலைந்து விளையாட்டுக்குப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு விளையாட்டு வரை உறுதி, அதற்கு மேல் உங்கள் பொறுப்பு என்று பதிவுப் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் கேப்டனுக்கு முடிவெடுப்பது எளிது. வராதவரை எத்தனை நிமிடத்தில் நீக்குவது என்பதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பிரபல வீரருக்கு இருபது நிமிடம், பெயர் தெரியாதவருக்கு ஐந்து நிமிடம் என்று நடந்தால் அதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஸ்ட்ரீமுக்காக ஆட்டங்களை இழுப்பதும் இதே வகை. நல்ல ஜோடி ஒன்று பூலில் வருகிறது, ஒளிபரப்புக் குழு "அதை எங்களுக்குக் கொடுங்கள், அடுத்தது நீங்கள்தான்" என்று அழைத்துப்போய் நாற்பது நிமிடம் உட்கார வைக்கும். அந்தப் பூலின் லூசர்ஸ் பக்கம் அத்தனை நேரமும் நிற்கும். வரிசையில் இரண்டு செட்டுக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது, வேவின் முதல் பாதியில் இருக்கும் பூல்களிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். இந்த இரண்டு கட்டுப்பாடு போதும்.

இவ்வளவையும் செய்யப்போவது பூல் கேப்டன்கள். கேப்டன் என்ற பெயர் பெரிதாக இருந்தாலும், பெரும்பாலும் அவர்கள் தன்னார்வலர்கள், தாங்களும் ஆட வந்தவர்கள். காலை எட்டு முதல் இரவு பத்து வரை நின்று, கத்திக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி, மாலையில் தங்கள் பூலுக்குப் போய்த் தோற்றுவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள். ஒரு போட்டியின் பணத்தில் கடைசியாகத்தான் இவர்கள் நினைவுக்கு வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். மேடை விளக்குக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து இவர்களுக்குச் சம்பளமும், நாலு மணி நேர ஷிப்டும், உட்கார நாற்காலியும், நேரத்துக்குச் சாப்பாடும் கொடுக்க வேண்டும். சம்பளம் கொடுத்தால் பூல் வேகமாக ஓடும் என்பதற்கு என்னிடம் நிரூபணம் கிடையாது, அது என் நம்பிக்கை. ஆனால் களைத்துப்போன கேப்டனின் பூல் மெதுவாக ஓடுகிறது என்பதை எத்தனையோ முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

சீடிங்கைப் பற்றியும் (வீரர்களைத் திறமைப்படி வரிசைப்படுத்தி பிராக்கெட்டில் இடம் ஒதுக்குவது) கேட்டவர் ஒரு வரி எழுதியிருந்தார், "முதல் ஆட்டத்திலேயே ஒரு புரோ வந்துவிட்டார், இது நியாயமா" என்று. பாதிக்கு மேல் சீடிங் வரிசையில் இடம் இல்லாதவர்கள் வரும் போட்டியில் சிலருக்கு அப்படித்தான் அமையும், தவிர்க்க முடியாது. தவிர்க்கக்கூடியது வேறொன்று: ஒரே ஊரிலிருந்து சேர்ந்து பயணம் செய்து வந்த இரண்டு நண்பர்கள் முதல் சுற்றில் மோதுவது. ஊர்ப் பெயரை வைத்துப் பிரித்தாலே போதும், பல போட்டிகள் இதைச் செய்கின்றன. ஆனால் சீடிங் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 2019-ல் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பானுக்குப் பாகிஸ்தானிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் வந்தபோது, டெக்கன் உலகில் அவரைப் பற்றி வெளியே அதிகம் தெரியாது. அவர் அந்தப் போட்டியை வென்றார், அதே ஆண்டு லாஸ் வேகஸிலும் வென்றார். லாகூரில் அவரோடு ஆடியவர்களுக்கு அவருடைய தரம் தெரியும், சீடிங் பட்டியலுக்குத் தெரியாது. சர்வதேசப் புள்ளிகளை மட்டும் பார்த்தால், விசாவும் பயணச் செலவும் கட்டுப்படியாகாத நாடுகளின் வீரர்கள் எப்போதும் அடியில் கிடப்பார்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்களிடம் "உங்கள் ஊரில் முதல் ஐந்து பேர் யார்" என்று கேட்டு வாங்கினால் ஓரளவு சரியாகும். அவர்கள் சொந்த நண்பர்களை ஏற்றிச் சொல்ல மாட்டார்களா என்றால், சொல்லலாம். அதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை.

விதிகளில் பெரிய ஓட்டைகளைவிடச் சின்ன ஓட்டைகள்தான் மேடையில் வெடிக்கும். 2018 ஈவோவில் டிராகன் பால் ஃபைட்டர்ஸ் கிராண்ட் ஃபைனல். லூசர்ஸ் பக்கமிருந்து வந்த ஜப்பானின் கோஇச்சி முதல் செட்டை வென்று பிராக்கெட்டை ரீசெட் செய்துவிட்டார், அதாவது இப்போது இருவருக்கும் ஒவ்வொரு தோல்வி, பட்டத்தை இன்னொரு செட் முடிவு செய்யும். கை சூடாக இருக்கிறார். அந்த நேரத்தில் எதிராளியான அமெரிக்க வீரர் சோனிக்ஃபாக்ஸ் இடப்பக்கம், வலப்பக்கம் மாறி உட்கார வேண்டும் என்று கேட்டார். மாறினார்கள், இடைவெளி விழுந்தது, இரண்டாவது செட்டை சோனிக்ஃபாக்ஸ் வென்றார். அவர் கேட்டதில் தவறில்லை, பக்கம் மாறினால் கை பழக்கமே மாறும் விளையாட்டு இது. ஆனாலும் அந்த இடைவெளி நியாயமா என்று அதன் பிறகு நீண்ட காலம் சண்டை நடந்தது. எந்தப் பக்கம் என்பதை செட் தொடங்கும் முன் எப்படி முடிவு செய்வது, ரீசெட்டில் மாறலாமா, மாற எத்தனை நிமிடம் என்று மூன்று வரி எழுதிவைத்துவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இறுதி முடிவு சொல்ல ஒரே ஒரு தலைமை நடுவர், அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் முக்கியம்.

நேரத்தோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2020-ல் கொரோனாவால் இணையவழிக்கு மாறியிருந்த ஈவோ, அதன் தலைமை நிர்வாகி மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு முழுதாக ரத்தானது. விளையாட்டு நிறுவனங்களும் முன்னணி வீரர்களும் அடுத்தடுத்து விலகிவிட்டார்கள். போட்டிக்கு வரும் சிறுவர்கள், பெண்கள், யாராக இருந்தாலும் புகார் சொல்ல, நடத்துகிறவர்களின் நட்பு வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய எண் நுழைவுப் பட்டையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ஆயிரம் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் இதில் சலுகை கிடையாது.

கேட்டவர் கடைசியாக, தங்கள் கல்லூரியில் நூறு பேருக்கு ஒரு போட்டி நடத்தப்போவதாகவும் எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தார். நூறு பேர் என்றால் டபுள் எலிமினேஷனில் சுமார் 200 செட். பத்து ஸ்டேஷன் இருந்தால் கணக்குப்படி மூன்று மணி இருபது நிமிடம், நடைமுறையில் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேராக எட்டு பூல், பக்கத்துப் பக்கத்துப் பூல்களுக்குப் பொது ஸ்டேஷன், மதியம் அரை மணி நேரம் வெற்றிடம். வந்தவர்கள் நிறைய ஆடிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், நான்கு பேர் பூலில் எல்லோரும் எல்லோரோடும் மோதி, முதல் இருவர் பிராக்கெட்டுக்குப் போகிற மாதிரியும் செய்யலாம். 25 பூலுக்கு 150 செட், பிறகு 50 பேருக்கு சுமார் நூறு, மொத்தம் 250. ஐம்பது செட் கூடுதல், ஆனால் ஒவ்வொருவருக்கும் மூன்று செட் உறுதி. ஒரு ஸ்டேஷனில் மட்டும் நோட்டும் பேனாவும் கொடுத்து ஓர் ஆளை உட்கார வையுங்கள். ஒவ்வொரு செட்டும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, அடுத்தது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நாள் முழுக்க எழுதட்டும். அதை இங்கே போட்டால், அடுத்த போட்டிக்கு எத்தனை ஸ்டேஷன், எத்தனை கேப்டன் வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.